கூலி குடுத்தா கலைக்களஞ்சியம் கெட்டா போகும்?

நடுவர் ஐயா அவர்களுக்கும், இவ்வளவு நேரமா எங்களைக் கூலிக்கு மாரடிக்கிற ஆக்கள் எண்டு திட்டிக்கொண்டிருந்த எதிரணி டீச்சருக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும், கோணேசர் பூமியான திருகோணமலையில இந்த வேர்வையிலயும் எழும்பிப் போகாம இருக்கிற சபையோருக்கும் வணக்கம்.

லேட்டா வந்த ஆக்களுக்காகத் தலைப்பை ஒருக்கா சொல்லிடுறன். விக்கிப்பீடியா மாதிரி ஊரே சேர்ந்து எழுதுற இணையக் கலைக்களஞ்சியத்தை இனிமேல் தூக்கி நிறுத்தப்போறது சம்பளம் வாங்கி எழுதுறவங்களா, சும்மா எழுதுற தன்னார்வலரா. நாங்க சம்பளப் பக்கம். அந்தப் பக்கம் கைதட்டு கூட, அது எனக்கு விளங்குது, சேவை எண்ட சொல்லைக் கேட்டாலே நம்மட ஊரில கை தானா தட்டும். ஆனா பாருங்க, மைக்செட்காரருக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, பந்தல்காரருக்குக் குடுத்தாச்சு, கதிரை வாடகை குடுத்தாச்சு, தொண்டை கிழியப் பேச வந்த எங்களுக்கு மட்டும் ஒரு சோடாவும் ஒரு பொன்னாடையும். ஐயா, உங்களுக்கும் அதுதான் எண்டு நினைக்கிறன், கேக்கப் பயமாக் கிடக்கு.

சரி, விஷயத்துக்கு வாறன். டீச்சர் முதல்ல எறிஞ்ச கல்லு கூகிள் கல்லு. நல்ல கல்லுதான், நான் அதை மறைக்கப் போறதில்ல. 2009ல இருந்து 2011 மட்டும் கூகிள் கொம்பனி காசு குடுத்து ஆக்களைப் பிடிச்சு இங்கிலீஷ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழுக்கும், தெலுங்கு, வங்காளம் எண்டு வேற மொழிகளுக்கும் மொழிபெயர்ப்பிச்சுது. மெஷின் ஒரு வரியைப் போட்டுக் குடுக்கும், ஆள் அதைத் திருத்தி ஏத்தணும். வந்து விழுந்தது வாசிக்கேலாத தமிழ். நமக்கு என்ன வேணும் எண்டு யாரும் கேக்கேல்ல, அமெரிக்கப் பாட்டுக்காரரையும் ஹொலிவூட் நடிகர்மாரையும் பற்றி நீள நீளமாக் கட்டுரை, ஏத்தின ஆளிட்ட, விக்கியில கதைக்கிறதுக்கெண்டு இருக்கிற பேச்சுப் பக்கத்தில கேள்வி கேட்டா மறுமொழியே வராது, துப்புரவாக்கிற வேலை முழுக்க சும்மா எழுதுற பிள்ளைகளிட தலையில. தமிழ் விக்கிப்பீடியா ஆக்கள் சும்மா இருக்கேல்ல, 2010ல போலந்தில, க்டான்ஸ்க் எண்ட நகரத்தில நடந்த, உலக விக்கி ஆக்கள் கூடுற விக்கிமேனியா மாநாட்டிலயே அந்த வேலையிட குறையை ஆதாரத்தோட எடுத்து வைச்சாங்க. இதெல்லாம் நடந்ததுதான். டீச்சர் சொன்னதில ஒரு எழுத்துப் பிழையில்ல.

ஆனா இதில இருந்து அவ எடுத்த முடிவு இருக்கே, காசு வந்தா தமிழ் செத்துப்போகும் எண்டு, அங்கதான் நான் குறுக்க நிக்கிறன். அந்த 2010லயே கூகிள் தன்ட அறிவிப்பில பெருமையாச் சொன்னது என்ன தெரியுமா? எல்லா மொழியும் சேர்த்து ஒரு கோடியே 60 லட்சம் சொல்லு ஏத்தியாச்சு எண்டு. சொல்லுக் கணக்கு! ஆற்ற சொல்லு, ஆருக்கு விளங்கும் சொல்லு எண்ட கேள்வியில்ல, எத்தனை சொல்லு எண்டுதான் கணக்கு. தமிழ் விக்கியில பழகின ஒராளை, மாசச் சம்பளத்துக்கு வைச்சு, இந்தத் தலைப்பில எழுது, சனம் திருத்தச் சொன்னா திருத்து, கேள்விக்கு மறுமொழி சொல்லு எண்டு விட்டிருந்தா அந்தக் குப்பை விழுந்திருக்குமா? கூகிள் செய்த பிழை காசு குடுத்ததில்ல ஐயா, பார்க்காமக் குடுத்தது.

பார்க்காமக் குடுக்கிறது எண்டதும் தமிழ் படிச்ச ஆக்களுக்குச் சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் ஞாபகம் வந்திருக்கும். எதிரணி அக்கா அவரைத்தான் துணைக்கு இழுத்தா. அதியமான் ஆளைக் காணாமலே பரிசில் குடுத்து அனுப்ப, நான் வியாபாரத்துக்குப் பாடுறவன் இல்ல எண்டு புலவர் திருப்பி விட்டாராம், பாருங்க தமிழ்ப் புலவனிட மானத்தை எண்டு அக்கா குரலை உயர்த்தினா, சபையும் தட்டிச்சுது, நானும் தட்டினன். புறநானூற்றில அது இருக்கு, உண்மை. ஆனா அக்கா, அதே பெருஞ்சித்திரனார், அதே புறநானூறு, குமணனிட்டப் போய்ப் பாடி, பரிசில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து மனுசியிட்டக் குடுத்து, யோசிக்காத, கேக்கிற ஆக்களுக்கெல்லாம் அள்ளிக் குடு எண்டு சொன்ன பாட்டும் கிடக்கே, அந்தப் பக்கத்தை மட்டும் காத்தடிச்சுப் புரட்டிப் போட்டுதோ? அவர் கோவிச்சது பரிசிலோட இல்ல. என்ட பாட்டைக் கேக்காம, என்னைப் பாக்காம, பிச்சைக்காரனுக்கு அனுப்புற மாதிரி அனுப்பினியே எண்டுதான் கோவிச்சவர். சங்கப் புலவர் முக்கால்வாசிப் பேர் பரிசில் வாங்கித்தான் சீவிச்சவங்க, அதுக்காக அந்தப் பாட்டெல்லாம் விளம்பரம் எண்டு எடுத்து எறிஞ்சிட்டமா என்ன?

அடுத்தது தம்பி. தம்பி நல்லாத் தயாராகி வந்திருக்கு, கையில கடதாசிக் கட்டோட. 2015 ஆவணியில இங்கிலீஷ் விக்கிப்பீடியாவில ஒரேஞ்ச்மூடி எண்டு ஒரு கூட்டத்தைப் பிடிச்சாங்க, 381 அக்கவுண்டை ஒரே அடியாத் தடை செய்து 210 கட்டுரையைத் தூக்கினாங்க எண்டு சொல்லிச்சு. சரிதான். அவங்கள் செய்த வேலையைத் தம்பி நேரம் போதாமச் சொல்லாம விட்டதால நான் சொல்றன், கேளுங்க. சின்னச் சின்ன வியாபாரிகள், கலைஞர்மார் தங்களைப் பற்றிக் கட்டுரை எழுதிப் போடுவாங்க, அது தரமில்லை எண்டு திரும்பி வரும். இவங்கள் அந்தத் திரும்பி வந்த கட்டுரைகளைத் தேடிப் பிடிச்சு, ஆளுக்கு மெசேஜ் போட்டு, நாங்க விக்கிப்பீடியாவில பெரிய ஆக்கள், காசு தந்தா ஏத்தித் தாறம் எண்டு வாங்குவாங்கள். ஏத்தின பிறகு, உங்கட கட்டுரையை ஒருத்தரும் அழிக்காமப் பாதுகாக்க மாசம் 30 டொலர் கட்டுங்க எண்டு இன்னொரு மெசேஜ் வரும். இதுக்கு நம்மட நாட்டில என்ன பேர்? கப்பம்! கப்பம் வாங்கினவனைக் கொண்டுவந்து நிறுத்திப்போட்டு, பார்த்தீங்களா சம்பளம் வாங்குறவன்ட லட்சணத்தை எண்டா நாங்க என்ன செய்யிறது?

அதுவும் அந்தக் கூட்டம் பிடிபட்டதுக்கு ஒரு வருசம் முந்தியே, 2014 ஆனியில, விக்கிப்பீடியாவை நடத்துற விக்கிமீடியா நிறுவனம் தன்ட பாவனை விதியை மாத்திட்டுது. காசு வாங்கி எழுதலாம். ஆனா ஆர் காசு தாறது, ஆருக்காக எழுதுறாய், உனக்கும் அவருக்கும் என்ன தொடர்பு எண்டு வெளிப்படையா எழுதி வை. இவ்வளவுதான் நிபந்தனை. ஒரேஞ்ச்மூடிக்காரர் மாட்டினது அதை மறைச்சு, ஒருத்தனே நூறு முகமூடி போட்டதால. அவங்களைப் பிடிச்சது தன்னார்வலர்தான், அதை நான் தாராளமா ஒத்துக்கொள்றன், வாரக்கணக்காக் கண்ணுக்குள்ள எண்ணெய் விட்டுத் தேடினவங்க. ஆனா ஐயா, அந்தக் கலைக்களஞ்சியமே காசு வாங்கி எழுதுறவனுக்கு வாசலைத் திறந்து வைச்சு, பேரைச் சொல்லிப்போட்டு உள்ள வா எண்டு சொல்லுது. எதிரணிதான் வாசல்ல நிண்டு மறிக்குது.

அக்கா இரத்ததானத்தைக் கொண்டுவந்தா. இலங்கையில 2014ல இருந்து இரத்த வங்கிக்கு வாற இரத்தம் முழுக்க, நூற்றுக்கு நூறு, காசு வாங்காமக் குடுக்கிறது. உலகத்திலயே பெருமைப்படக்கூடிய விஷயம், நம்மட கோவில் வீதியில, பள்ளிவாசல்ல, பள்ளிக்கூடத்தில கட்டில் போட்டுக் குடுக்கிறம், நானும் குடுத்திருக்கிறன். அதே மாதிரித்தான் அறிவும் எண்டா அக்கா. அக்கா, ஊசி குத்துற நர்ஸ் சும்மாவா வந்தவ? சோதிக்கிற லேப் ஆள்? அந்த இரத்தத்தைக் குளிர்ல வைச்சுப் பாதுகாத்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக் கொண்டுபோற ட்ரைவர்? எல்லாருக்கும் மாசம் முடியச் சம்பளம். படுத்து எழும்பி ஒரு மைலோ குடிச்சிட்டுப் போற எங்களுக்குத்தான் இல்ல. இரத்தம் திரும்ப ஊறும். ஒரு நல்ல கட்டுரைக்கு நீங்க குடுத்த ஒரு மாசப் பின்னேரம் ஊறாது.

இனி நான் எதிரணியிட்டக் கேக்கிறன். சும்மா எழுதுறவன் எல்லாம் சுத்தம் எண்டு ஆர் சொன்னது? ஸ்கொட்லாந்து ஆக்களிட ஸ்கொட்ஸ் எண்ட மொழியில ஒரு விக்கிப்பீடியா இருக்கு. 2020 ஆவணியில ஒரு விஷயம் வெளிச்சத்துக்கு வந்துது, அதில இருபதாயிரத்துக்கு மேல கட்டுரை போட்டது ஒரே ஒரு அமெரிக்கப் பெடியன், அவனுக்கு ஸ்கொட்ஸ் தெரியாது, சின்ன வயசில தொடங்கி இங்கிலீஷ் சொல்லுகளை அங்க இங்க நெளிச்சு வருசக்கணக்கா எழுதிக்கொண்டே இருந்திருக்கிறான். கெட்ட எண்ணமில்ல, பாவம், உதவி செய்யிறன் எண்டு நினைச்சவன். ஒரு சதமும் வாங்காதவன். ஒரு மொழியிட முகத்தையே மாத்திட்டான். கூகிள் தமிழுக்குச் செய்ததை விட இது குறைவா? குரோவேசிய விக்கிப்பீடியா இன்னும் மோசம், அங்க ஒரு சின்னக் குழு நிர்வாகப் பொறுப்பைக் கையில பிடிச்சு வருசக்கணக்கா வரலாற்றைத் தங்கட அரசியலுக்கு ஏத்த மாதிரித் திரிச்சு எழுதி, மாத்திக் கேட்டவனை எல்லாம் தடை செய்து வைச்சிருந்தாங்க, 2021ல விக்கிமீடியா நிறுவனமே அறிக்கை போட வேண்டி வந்துது. அவங்களும் தன்னார்வலர்தான் ஐயா!

அவ்வளவு தூரம் ஏன் போவான். நம்மட கோணேஸ்வரத்தைப் பற்றி, கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி இணையத்தில சண்டை பிடிக்கிற ஆக்கள் ஆரும் கூலிக்கா பிடிக்கிறாங்க? ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பி, ஒருத்தன் எழுதினதை மற்றவன் அழிச்சு, மற்றவன் எழுதினதை இவன் அழிச்சு, எல்லாம் இலவச சேவை. இங்கிலீஷ் விக்கியில இலங்கைக் கட்டுரைகளில சண்டை தீர்த்து வைக்கவே தனியா ஒரு நல்லிணக்கத் திட்டம் வைக்க வேண்டி வந்துது எண்டா யோசிச்சுப் பாருங்க. காசு வாங்கினவன் ஆருக்காக எழுதுறான் எண்டு அவன்ட பக்கத்திலயே எழுதிக் கிடக்கும், அதைப் பார்த்து அவதானமா வாசிக்கலாம். இனத்துக்காக, கட்சிக்காக, சாதிக்காக, தன்ட மாமாட பேரை ஊர்ப் பெரியவர் பட்டியல்ல செருகிறதுக்காக எழுதுறவன்ட பக்கத்தில என்ன எழுதிக் கிடக்கு? தன்னார்வலர் எண்டு.

இப்ப நேரத்துக்கு வாறன், இதுதான் என்ட பக்கத்தில பெரிய விஷயம், ஐயா கொஞ்சம் மணியில இருந்து கையை எடுங்க. சும்மா எழுதுறதுக்கு முதல்ல என்ன வேணும்? சும்மா இருக்கிற நேரம் வேணும். அது ஆரிட்ட இருக்கு? விக்கிப்பீடியாவில எழுதுற ஆக்களைப் பற்றி எடுத்த கணக்கெடுப்புகளில திரும்பத் திரும்ப வாறது, பத்துப் பேரில பெண்கள் ஒண்டு, கூடிப்போனா ரெண்டு. ஏன், பெண்களுக்கு அறிவில்லையா? மேடையில எங்களை இந்தக் கிழி கிழிக்கிற டீச்சரும் அக்காவும் பெண்கள்தானே! டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்து, டியூசன் குடுத்து, சமைச்சு, பிள்ளைட ஹோம்வேர்க் பார்த்து, மாமியாருக்கு மருந்து குடுத்து முடிய மணி பத்து. அதுக்குப் பிறகு கலைக்களஞ்சியம் எழுத வாங்க, சேவை, சம்பளம் கேட்டா மானக்கேடு எண்டு சொல்றது ஆர்? அநேகமா சாப்பாடு மேசைக்கு வாற வீட்டில இருக்கிற ஆம்பிளை.

2022ல இந்த நாடு கிடந்த கிடையை மறந்திட்டமா, பங்குனி கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல, பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, அந்த வரிசையில நிண்ட பிள்ளையிட்டப் போய் டேட்டா போட்டு எடிட் பண்ணு எண்டு எந்த முகத்தோட சொல்றது? தமிழ் விக்கிப்பீடியாவை 2003ல தொடங்கி வளர்த்த மயூரநாதன் ஐயாவை நான் கையெடுத்துக் கும்பிடுறன், ஆயிரக்கணக்கில கட்டுரை எழுதின மனுசன், அதுக்காக இயல் விருதும் வாங்கினவர். யாழ்ப்பாணத்துக்காரர், கட்டடக்கலைஞர், வளைகுடாவில தொழில் பார்த்துக்கொண்டு எழுதினவர். அவருக்குச் சோறு போட ஒரு சம்பளம் வேற இடத்தில இருந்து வந்துது, அதனால தமிழுக்குச் சும்மா எழுத முடிஞ்சுது. அப்பிடி வேற சம்பளம் இல்லாத, நம்மட மாவட்டத்து மூதூர்ப் பிள்ளை என்ன செய்யும்?

மூதூர் எண்டதும் சொல்றன். சீனக்குடா எண்ணெய்க் குதத்தைப் பற்றி இங்கிலீஷில தேடுங்க, பிரிட்டிஷ்காரன் கட்டினது, 99 தாங்கி, எந்த ஒப்பந்தத்தில எந்தக் கொம்பனிக்கு எத்தனை எண்டு எல்லாம் வரும், ஏனெண்டா அதில காசு இருக்கு, எழுத ஆள் இருக்கு. தம்பலகாமத்து வயலைப் பற்றி, வெருகல் கோவிலைப் பற்றி, கிண்ணியா துறையடியைப் பற்றித் தமிழில எழுத இருந்தா, ஆதாரம் எங்க எண்டு கேக்கும். கேக்கத்தான் வேணும், ஆதாரமில்லாம எழுதினா அது கலைக்களஞ்சியம் இல்ல. பாட்டி சொன்னா எண்டு போட ஏலாது, அச்சில வந்தது வேணும். அது பழைய பேப்பரில கிடக்கும், கொழும்பில தேசிய சுவடிகள் திணைக்களத்தில கிடக்கும். இரவு ரயில் ஏறிப் போகணும், தங்கணும், கொப்பி எடுக்கணும், ரெண்டு நாள் கூலி போகும். 1895ல மோகனாங்கி எண்ட நாவலை எழுதின சரவணமுத்துப்பிள்ளை நம்மட ஊர்க்காரர், தமிழில முதல் சரித்திர நாவல் எண்டு சொல்றது அதைத்தான். அவரைப் பற்றி ஒழுங்கா எழுத வெளிக்கிட்டாலே மெட்ராஸ் மட்டும் தேட வேண்டிக் கிடக்கும். ஆர் போறது, எந்தச் சேவைக் காசில?

இதை நூலகம் எண்ட இணையத் திட்டத்து ஆக்கள் எப்பயோ கண்டுபிடிச்சிட்டாங்க. 2005ல தன்னார்வலராத்தான் தொடங்கினாங்க, ஈழத்துப் புத்தகம், பேப்பர் எல்லாத்தையும் இணையத்தில ஏத்திற வேலை. ஆனா நாள் முழுக்க ஸ்கேனருக்கு முன்னால இருந்து பக்கம் பக்கமாப் புரட்டுறது பின்னேர ஆசையில நடக்கிற வேலையில்ல, அதுக்கு சம்பளத்துக்கு ஆள் வைச்சாங்க, அதனாலதான் இண்டைக்கு நாங்க வீட்டில இருந்து பழைய பத்திரிகையைத் திறந்து பார்க்கிறம். அந்தப் பக்கங்களை மேற்கோள் காட்டித்தான் எதிரணி சொல்ற தன்னார்வலரும் கட்டுரை எழுதுறாங்க! இந்தியப் பக்கம் 2018ல விக்கிக் கட்டுரை எழுதுவிக்கிறதுக்கு வேங்கைத் திட்டம் எண்டு வந்துது, திரும்பவும் கூகிள் காசுதான், இந்த முறை மடிக்கணினி, இன்டர்நெட் செலவு, போட்டி வைச்சுப் பரிசு, எழுதினது விக்கி ஆக்கள், பார்த்ததும் விக்கி ஆக்கள். தமிழ் அதில முன்னுக்கு நிண்டுது. அப்ப ஒருத்தரும் கூலி எண்டு முகம் சுழிக்கேல்ல.

இன்னொண்டு, இது கனபேருக்குத் தெரியாது. விக்கிப்பீடியா 2001 தை 15ல தொடங்கேக்க அதை ஒழுங்குபடுத்தி, பேர் வைச்சு, விதி எழுதி, சண்டை தீர்த்த லாரி சாங்கர், விக்கிப்பீடியாவைச் சேர்ந்து தொடங்கின ஜிம்மி வேல்சிட போமிஸ் எண்ட இணையக் கொம்பனியில சம்பளத்துக்கு இருந்தவர். 2002ல காசு முடிஞ்சுது, அவரும் போயிட்டார். சும்மா எழுதி வளர்ந்தது எண்டு நாங்க பாடுற இந்தத் தேருக்கு முதல் வடம் பிடிச்ச கை சம்பளக் கை.

இல்ல தம்பி, தலையாட்டாதீங்க, அவர் பிறகு விக்கிப்பீடியாவைத் திட்டித் திரியிறார் எண்டு எனக்கும் தெரியும், அது வேற கதை.

ஐயா முதல் மணி அடிச்சிட்டீங்க, முடிக்கிறன். நாங்க கேக்கிறது ஒண்டும் பெரிசில்ல. நம்மட பொது நூலகத்தில ஒராள், ஒரு வருசச் சம்பளம், அவர் பக்கத்தில ஆர் காசு தாறது எண்டு எழுதியிருக்கணும், தனக்குச் சம்பளம் தாற இடத்தைப் பற்றி அவர் எழுதக்கூடாது, என்ன எழுதுறது எண்டதை விக்கியில பழகின ஆக்கள் சொல்லணும், சரியில்லாட்டி தன்னார்வலர் வெட்டலாம், வெட்டினா அவர் சண்டைக்கு நிக்கக்கூடாது. வெளிநாட்டில மியூசியங்களில இப்பிடி ஆள் வைச்சு வருசக்கணக்கா நடக்குது. வானம் இடிஞ்சு விழேல்ல.

எனக்குப் பிறகு எதிரணியில தொகுத்துப் பேச டீச்சர் திரும்ப வாறா. டீச்சருக்கு ஒரே ஒரு கேள்வி. 2021ல விக்கிமீடியா நிறுவனம் என்டர்பிரைஸ் எண்டு ஒரு சேவை தொடங்கிச்சு, விக்கிப்பீடியாத் தகவலைப் பெரிய கொம்பனிகளுக்கு வேகமா, ஒழுங்கா அனுப்புறதுக்குக் காசு. 2022ல முதல் வாடிக்கையாளரா வந்தது கூகிள். நிறுவனத்துக்கு வருசம் வாற நன்கொடை பதினைந்து கோடி டொலருக்கு மேல, நூற்றுக்கணக்கில ஊழியர், எஞ்சினியருக்குச் சம்பளம், வக்கீலுக்குச் சம்பளம், நன்கொடை கேட்டு பானர் எழுதுறவருக்கும் சம்பளம். அந்த பானருக்குக் கீழ இருக்கிற கட்டுரையை எழுதின தம்பலகாமத்துப் பிள்ளை மட்டும் சம்பளம் கேட்டா சேவை கெட்டுப்போகும் எண்டு சொல்றீங்களே டீச்சர், எந்த நியாயத்தில? அதுக்கு மறுமொழி சொல்லிப்போட்டு மிச்சத்தைப் பேசுங்க.

நன்றி, வணக்கம்.